ஸிங்கிப்ரோ: எஸ்பெராண்டோ இஞ்சியின் வேர்

எஸ்பெராண்டோ மொழியில் இஞ்சிக்குப் பெயர் ஸிங்கிப்ரோ. சொல்லின் முதலொலி, சகரத்தைப் பல்லிடுக்கில் வைத்துத் தொண்டை அதிர ஒலித்தால் வருவது; தமிழில் அதற்குத் தனியெழுத்து கிடையாது. நடுவில் வரும் ககரத்தைத் 'தங்கம்' என்பதில் உள்ளது போலவும், பகரத்தைத் 'தம்பி' என்பதில் உள்ளது போலவும் ஒலிக்க வேண்டும். கடைசியில் நிற்கும் 'ஓ' பெயர்ச்சொல்லின் விகுதி. அம்மொழியின் பொதுப்பெயர்கள் எல்லாம் அப்படித்தான் முடியும். 'ஓ' போய் 'ஆ' வந்தால் பெயரடை: 'ஸிங்கிப்ரா தேஓ' என்றால் இஞ்சித் தேநீர். ஆகவே சொல்லின் பகுதி 'ஸிங்கிப்ர்' மட்டுமே.

எஸ்பெராண்டோ 1887இல் பிறந்த மொழி. இந்தப் பகுதியோ அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. லத்தீன், கிரேக்கம், பிராகிருதம் என்று பின்னோக்கிச் சென்றால் அது தென்னிந்தியாவில், 'இஞ்சி', 'வேர்' என்ற இரு சொற்களின் சேர்க்கையில் போய் நிற்கிறது. வழியில் ஐரோப்பிய மொழிகள் பல உதிர்த்துவிட்ட ஒலிகளையும், தமிழே உதிர்த்துவிட்ட முதலொலி ஒன்றின் சாயலையும், இவற்றில் மிக இளைய மொழியான எஸ்பெராண்டோ வைத்துக்கொண்டிருக்கிறது. அது நேர்ந்த விதத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

வார்சாவில் வந்த சிறுநூல்

எஸ்பெராண்டோவை உருவாக்கிய லூட்விக் ஸாமென்ஹோஃப் 1859 டிசம்பர் 15 அன்று பியாவிஸ்டோக் நகரில் பிறந்தார். இன்று போலந்தில் உள்ள அந்நகரம் அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. யூதர், போலந்தியர், ரஷ்யர், ஜெர்மானியர் என நான்கு கூட்டத்தார் நான்கு மொழி பேசி வாழ்ந்த ஊர். ஸாமென்ஹோஃப் வீட்டில் ரஷ்யமும் இத்திஷும் புழங்கின, தந்தை மொழியாசிரியர். போலிஷ், ஜெர்மன், பிரெஞ்சு, ஹீப்ரு, லத்தீன், கிரேக்கம் ஆகியவற்றையும் மகன் கற்றார். பிழைப்புக்கு அவர் செய்தது கண் மருத்துவம்.

1887 ஜூலையில் வார்சாவில் அவருடைய முதல் நூல் ரஷ்ய மொழியில் வெளிவந்தது. 'டாக்டர் எஸ்பெராண்டோ', அதாவது 'நம்பிக்கை கொண்டிருப்பவர்', என்பது அதில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். பின்னால் அதுவே மொழிக்கும் பெயராயிற்று. 16 இலக்கண விதிகளும் சுமார் 900 வேர்ச்சொற்களும் கொண்ட அச்சிறு நூலே மொழியின் தொடக்கம். 1905இல் 'எஸ்பெராண்டோவின் அடித்தளம்' என்ற நூலில் இலக்கணமும் பயிற்சிகளும் சொற்பட்டியலும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. அதே ஆண்டு பிரான்சின் புலோன் நகரில் கூடிய முதல் உலக மாநாடு, எவரும் மாற்றக் கூடாத மூலமாக அந்நூலை ஏற்றது.

ஸாமென்ஹோஃப் வேர்ச்சொற்களைப் புதிதாகப் புனையவில்லை. ஐரோப்பிய மொழிகளில் பரவலாக அடையாளம் தெரியும் சொற்களைத் தேர்ந்து, தம் எழுத்துமுறைக்கு ஏற்றவாறு செதுக்கினார். பெரும்பங்கு லத்தீனிலிருந்தும் அதன் வழிவந்த மொழிகளிலிருந்தும் வந்தது. அடுத்த பங்கு ஜெர்மனும் ஆங்கிலமும் தந்தவை. ஸ்லாவிய மொழிகளின் பங்கு சிறிது. பல மொழிகள் ஒரே மூலத்திலிருந்து கடன்வாங்கிய சொல்லை எஸ்பெராண்டோவும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய 15ஆம் விதி.

இஞ்சி விஷயத்தில் இந்த முறையைக் கையாள்வது எளிதன்று. 'அடித்தளம்' நூலின் சொற்பட்டியல் பொருள் விளக்கத்துக்கு ஐந்து மொழிகளைப் பயன்படுத்துகிறது. அவ்வைந்தில் இஞ்சியின் பெயர்கள் இவை: பிரெஞ்சில் 'ஜான்ஜாம்ப்ர்', ஆங்கிலத்தில் 'ஜிஞ்ஜர்', ஜெர்மனில் 'இங்வெர்', ரஷ்யத்திலும் போலிஷிலும் 'இம்பிர்'. ஸாமென்ஹோஃப் வீட்டில் பேசிய இத்திஷில் 'இங்பெர்'. எல்லாம் ஒரே மூலத்தின் வழிவந்தவைதான். ஆனாலும் ஸிங்கிப்ரோவின் முதலொலி இவற்றில் ஒன்றில்கூட இல்லை. பேச்சுமொழிகளின் பெரும்பான்மையைப் பார்த்திருந்தால் 'இம்ப்-', 'இங்-', 'ஜிஞ்ஜ்-' என்று ஏதேனும் ஒன்று வந்திருக்கும். எஸ்பெராண்டோச் சொல்லோ பேச்சு வடிவங்கள் எல்லாவற்றையும் தாண்டி லத்தீன் 'ஸிங்கிபெர்' என்பதோடு நேரே பொருந்துகிறது.

மருந்துக்கடை லத்தீன்

19ஆம் நூற்றாண்டில் அந்த லத்தீன் பெயர் ஐரோப்பா முழுவதும் புழக்கத்தில் இருந்த சொல். மருத்துவர்களும் மருந்துக்கடைக்காரர்களும் உலர்ந்த இஞ்சியை 'ரைஸோமா ஸிங்கிபெரிஸ்' அல்லது 'ராடிக்ஸ் ஸிங்கிபெரிஸ்' என்றே மருந்து நூல்களில் எழுதினர். முன்னது இஞ்சியின் கிழங்குத்தண்டு, பின்னது இஞ்சியின் வேர். மருத்துவம் படித்த எவருக்கும் பழக்கமான பெயர் இது.

தாவரவியலும் அதையே நிலைநிறுத்தியது. கார்ல் லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு 'அமோமம் ஸிங்கிபெர்' என்று பெயரிட்டார். லிவர்பூல் தாவரத் தோட்டத்தை நிறுவியவர்களில் ஒருவரான வில்லியம் ராஸ்கோ 1807இல் அதை 'ஸிங்கிபெர் அஃபிசினாலே' என மாற்றி அமைத்தார். அதுவே இன்றும் அறிவியல் பெயர். 'அஃபிசினாலே' என்றால் மருந்துக்கடைச் சரக்கு என்று பொருள். மஞ்சளும் ஏலமும் அடங்கிய தாவரக் குடும்பமும் இஞ்சியின் பெயரால் 'ஸிங்கிபெரேசியே' எனப்படுகிறது.

எஸ்பெராண்டோச் சொற்களின் மூலங்களை ஆராய்ந்து ஸ்வீடன் நாட்டு அறிஞர் எப்பே வில்போர்க் 1989 முதல் 2001 வரை 5 தொகுதிகளாகச் சொற்பிறப்பகராதி ஒன்றை வெளியிட்டார். இப்படிப்பட்ட அகராதிகள் எஸ்பெராண்டோவுக்குத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. இயற்கை மொழியில் ஒரு சொல் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து வரும். எஸ்பெராண்டோவில் ஒரு சொல்லுக்குப் பல மொழிகள் ஒரே நேரத்தில் பெற்றோராக இருக்கலாம். ஸிங்கிப்ரோவைப் பொறுத்தவரை, முதலொலி லத்தீனிலிருந்து வந்தது. ஈற்றில் உயிர் மறைந்து 'ப்ர்' என நெருங்கியது, பிரெஞ்சு, ஸ்பானிய வடிவங்களோடு ஒத்துப்போகிறது. 'பிபெர்' என்ற லத்தீன் மிளகு எஸ்பெராண்டோவில் 'பிப்ரோ' ஆனதும் இதே முறையில்தான்.

எஸ்பெராண்டோ எழுத்துமுறையும் ஒரு வேலை செய்தது. அதில் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலிதான். வல்லொலிக் ககரத்துக்கு ஓர் எழுத்து, ஜகரத்துக்குத் தொப்பிக்குறி போட்ட வேறோர் எழுத்து. ஸாமென்ஹோஃப் இச்சொல்லில் குறியில்லாத எழுத்தையே வைத்தார். அதனால் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஜகரமாகிப்போன நடுவொலி மீண்டும் பழைய ககரமாகவே ஒலிக்கிறது.

ஐரோப்பிய வாயில் பட்ட பாடு

ரோமப் பேரரசு தளர்ந்த காலத்துப் பேச்சு லத்தீனில், 'இ', 'எ' போன்ற உயிர்களுக்கு முன் வந்த ககரம் மெல்லமெல்ல ஜகரமாயிற்று. சொல்முதலில் வந்த 'ஸி' ஒலியும் அதனுடன் சேர்ந்துகொள்ள, 'ஸிங்கிபெர்' பிற்கால லத்தீனில் 'ஜிஞ்ஜிபெர்' ஆனது. பழைய பிரெஞ்சு அதை 'ஜிஞ்ஜிப்ரெ' என ஏற்றது. பின்னால் பகரத்துக்கு முன் ஒரு மகரம் புகுந்து இன்றைய வடிவம் வந்தது. ஸ்பானியத்தில் 'ஹெங்ஹீப்ரெ', போர்ச்சுகீசியத்தில் 'ஜெஞ்ஜிப்ரெ'. இத்தாலியம் 'ஜென்ஜோவோ' என்றும் 'ஸென்ஸெரோ' என்றும் இரு வடிவங்களை வைத்திருந்து, பின்னதையே நிலைக்க விட்டது.

பழைய ஆங்கில மருத்துவ ஏடுகளில் இச்சொல் லத்தீனிலிருந்து நேரே வந்த வடிவில் இருக்கிறது. நார்மானியர் படையெடுப்புக்குப் பின் பிரெஞ்சு வடிவமும் வந்து கலந்து 'ஜிஞ்ஜிவெர்' என்றாகி, இறுதியில் நடு அசை தேய்ந்து 'ஜிஞ்ஜர்' என முடிந்தது. 'வேர்' என்ற உறுப்பில் ஆங்கிலத்தில் எஞ்சியது கடைசி ரகரம் மட்டுமே.

ஜெர்மனில் வேறு வகை மாற்றம். பழைய உயர் ஜெர்மனில் முதலெழுத்தோடு இருந்த சொல், இடைக்காலத்தில் அதை இழந்து 'இங்கெவெர்' ஆகி, இன்று 'இங்வெர்' என்று வழங்குகிறது. தலையிழந்த இந்த வடிவம்தான் கிழக்கிலும் வடக்கிலும் பரவியது: போலிஷ், ரஷ்ய 'இம்பிர்', ஸ்வீடிஷ் 'இங்கெஃபேரா', ஃபின்னிஷ் 'இன்கிவேரி'.

ஃபின்னிஷ் வடிவத்தைப் பார்க்கும் தமிழருக்கு அது 'இஞ்சிவேர்' என்பதே என்று தோன்றும். அந்த ஒப்புமை ஒலிமாற்றத்தின் விளைவே தவிர நேரடித் தொடர்பின் சான்று அன்று. முதல் மெய் போனது ஐரோப்பாவில், இடைக்காலத்தில். பகரம் வகரமானதும் அங்கேயே. சொல் ஸ்வீடனிலிருந்து ஃபின்லாந்துக்குப் போனது, இந்தியாவிலிருந்து அன்று. ஓசை ஒற்றுமையை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு படியிலும் ஒலிமாற்றத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இடைக்கால வணிகர்கள் சொல்லோடு நில்லாமல் சரக்கின் ஊரையும் சேர்த்துச் சொன்னார்கள். ஃபிளாரன்ஸ் நகரின் பார்டி வணிகக் குழுமத்தில் பணியாற்றிய பிரான்செஸ்கோ பெகொலொட்டி 1340 அளவில் தொகுத்த வணிகக் கையேட்டில் இஞ்சி மூன்று வகையாக வருகிறது: பெல்லெதி, கொலொம்பினோ, மிக்கினோ. 'பெல்லெதி' என்பது நாட்டுச்சரக்கு என்று பொருள்படும் 'பலதி' என்ற அரபுச் சொல். 'மிக்கினோ' மெக்கா வழியாக வந்தது. 'கொலொம்பினோ' கேரளத்துக் கொல்லம் இஞ்சி. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே மார்க்கோ போலோ, கொல்லத்தில் நல்ல இஞ்சி விளைகிறது, ஊர்ப்பெயராலேயே அது விற்கிறது என்று குறித்திருக்கிறார்.

கிரேக்க மருத்துவர், ரோமானியர், செங்கடல்

லத்தீனுக்கு இச்சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்க வடிவம் 'ஸிங்கிபெரிஸ்'. கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் தம் மருந்துப்பொருள் நூலின் 2ஆம் பகுதியில் இஞ்சியை விவரிக்கிறார். அது அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலும் மிகுதியாக விளைகிறது என்பது அவர் கருத்து. வேர் சிறியது, கோரைக்கிழங்கு போன்றது, வெண்மையானது, மிளகின் காரமும் மணமும் உடையது என்கிறார். புழு அரிக்காததாகப் பார்த்து எடுக்க வேண்டும். சீக்கிரம் கெட்டுவிடுவதால் சிலர் அதை ஊறவைத்து மண்பானைகளில் இத்தாலிக்கு அனுப்புகிறார்கள். உணவோடு உண்டால் செரிமானத்துக்கு நல்லது என்றும் எழுதுகிறார்.

அதே நூற்றாண்டில் மூத்த பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலின் 12ஆம் பகுதியில் இஞ்சியைப் பற்றி எழுதினார். இஞ்சி மிளகுச் செடியின் வேர் என்று சிலர் நம்பியதை அவர் மறுக்கிறார். சிலர் 'ஸிம்பிபெரி' என்றும் வேறு சிலர் 'ஸிங்கிபெரி' என்றும் சொல்வதாக இரு வடிவங்களையும் பதிவு செய்கிறார். அயல்சொல் இன்னும் ஒருவடிவப்படாத நிலையை இது காட்டுகிறது. விலையையும் தருகிறார்: ஒரு ராத்தல் இஞ்சி 6 தெனாரியஸ், கருமிளகு 4, வெள்ளை மிளகு 7, திப்பிலி 15.

பிளினியும் டயோஸ்கோரிடீஸும் இஞ்சியின் தாயகத்தை அரேபியா என்று எண்ணியது வியப்பன்று. இந்தியப் பெருங்கடலின் சரக்கு செங்கடல் துறைமுகங்களில் இறங்கி, நைல் வழியாக அலெக்சாந்திரியாவுக்குப் போனது. வாங்குவோர் கண்டது கைமாறிய இடத்தை மட்டுமே. அதோடு, இஞ்சி மிளகைப் போல் உலர்ந்த சரக்காக மட்டும் பயணம் செய்வதில்லை. முளையுள்ள துண்டு ஈரமண்ணில் பிழைத்துக்கொள்ளும். 14ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டில் நின்ற சீனக் கப்பல்களை விவரிக்கும் இப்னு பதூதா, மாலுமிகள் மரத்தொட்டிகளில் கீரையும் காய்கறியும் இஞ்சியும் வளர்த்ததைக் குறிப்பிடுகிறார். முற்காலக் கப்பல்களும் முளை இஞ்சியைக் கொண்டுபோயிருந்தால், வழித்துறைகளில் அது நடப்பட்டிருப்பது நடக்கக்கூடியதே.

ரோமச் சட்டத் தொகுப்பிலும் இச்சொல் இடம்பெற்றது. மார்க்கஸ் அவுரேலியஸ், கொம்மொடுஸ் ஆகிய பேரரசர்களின் காலத்தை ஒட்டியதாகக் கருதப்படும் சுங்கப் பட்டியல் ஒன்று, 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுப்பித்த 'டைஜஸ்ட்' சட்டநூலில் காக்கப்பட்டிருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் வரிச்சரக்குகளான இலவங்கப்பட்டை, திப்பிலி, வெள்ளை மிளகு முதலியவற்றோடு 'ஸிங்கிபெரி'யும் அதில் உண்டு.

மேற்காசியக் கிளை

கிரேக்கத்துக்குப் போன சொல் மேற்காசிய மொழிகளிலும் கிளைத்தது. பாரசீகம் வழியாகச் சென்ற வடிவம் அரமேயத்தில் 'ஸங்வீலா' ஆயிற்று. பாபிலோனியத் தல்மூதில் அது வருகிறது. அரபில் 'ஸஞ்சபீல்'. திருக்குர்ஆன் 76ஆம் அத்தியாயம் 17ஆம் வசனத்தில் சுவர்க்கத்துப் பானத்தில் கலந்திருப்பதாகச் சொல்லப்படுவது இதுவே. கடைசி ரகரம் லகரமானது இந்தக் கிளையின் அடையாளம். ஹீப்ருவின் 'ஸங்வீல்', துருக்கியின் 'ஸெஞ்செஃபில்' இரண்டும் இக்கிளையைச் சேர்ந்தவை. எஸ்பெராண்டோ வடிவத்தில் ரகரம் இருப்பதால், அது இக்கிளைக்கு உரியதன்று, கிரேக்க-லத்தீன் கிளைக்கு உரியது என்பது உறுதி.

பாலியும் சமஸ்கிருதமும்

இந்தியாவில் இச்சொல்லின் தொன்மையான சான்றுகளில் ஒன்று பாலி மொழியில் உள்ளது. பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான விநயபிடகத்தின் மகாவக்கப் பகுதியில், நோயுற்ற பிக்குகள் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கப்பட்ட வேர் மருந்துகளின் பட்டியல் வருகிறது. மஞ்சளுக்கு அடுத்து நிற்பது 'சிங்கிவேர', பிறகு வசம்பு, அதிவிடயம், கடுகுரோகிணி, விலாமிச்சை, கோரைக்கிழங்கு முதலியன. அரைத்த மருந்து தேவைப்பட்டபோது அம்மியும் குழவியும் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததாக அடுத்த பத்தி சொல்கிறது. இந்தப் பட்டியல் இஞ்சியை 'மூலம்', அதாவது வேர் என்ற இனத்தில் வைத்திருப்பது சொல்லின் வரலாற்றுக்கு முக்கியம். தாவரவியல்படி இஞ்சி வேர் அன்று, மண்ணுக்குள் கிடைமட்டமாகப் படரும் தண்டு. மருந்துச் சரக்கு விற்றவர்களும் வாங்கியவர்களும் அதை வேராகவே எண்ணினர்.

சமஸ்கிருதத்தில் 'சிருங்கவேர', 'சிருங்கிபேர' என்ற வடிவங்கள் உள்ளன. சரகரும் சுஸ்ருதரும் முன்னதை ஆள்கின்றனர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், அரசுப் பண்டசாலை அதிகாரியின் கடமைகளைச் சொல்லும் அத்தியாயத்தில், திப்பிலி, மிளகு, சீரகம் போன்ற காரப்பொருள்களோடு சிருங்கிபேரத்தையும் அடுக்குகிறது. இராமாயணத்தில் கங்கைக்கரையில் குகன் இருந்த ஊரின் பெயரும் உருவத்தில் இதே சொல்தான். கம்பர் அதைச் சிருங்கிபேரம் என்கிறார்.

இச்சொல்லைச் சமஸ்கிருத மரபு 'சிருங்கம்' என்றால் கொம்பு, 'வேரம்' என்றால் உடல் எனப் பிரித்து, கொம்பு வடிவ உடலுடையது என்று பொருள் கண்டது. இஞ்சிக்கிழங்கின் கிளைகள் மான்கொம்பை நினைவூட்டுவதால் விளக்கம் பொருத்தமாகவே தோன்றும். ஐரோப்பிய அகராதிகளும் நெடுங்காலம் இதையே திருப்பிச் சொல்லின. ஆனால் 'வேரம்' என்பதற்கு உடல் என்ற பொருளை நிகண்டுகள் தருகின்றனவே ஒழிய, இலக்கிய வழக்கு அதற்குத் துணை நிற்கவில்லை. அயலிலிருந்து வந்த சொல்லின் பொருள் விளங்காதபோது, தெரிந்த சொல்லின் சாயலை அதில் ஏற்றிப் பொருள் காண்பது எல்லா மொழியிலும் நடப்பது. சிருங்கத்தின் ருகரம் அப்படி ஏறியதே என்பது இன்றைய மொழியியலாளர் பலரின் முடிவு. ருகரம் இல்லாத பாலி வடிவமே மூலத்துக்கு நெருக்கமானது. கிரேக்க வடிவத்திலும் ருகரம் இல்லை.

தென்னாட்டு வேர்

இஞ்சி என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் வழங்குகிறது. சங்க நூல்களில் அதற்குப் பழைய சான்றுகள் உண்டு. பட்டினப்பாலை சோழநாட்டு வளத்தை வருணிக்கும்போது தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், சேம்பு ஆகியவற்றோடு இஞ்சியையும் சொல்கிறது. மதுரைக்காஞ்சி இஞ்சியையும் மஞ்சளையும் மிளகையும் மலைநிலத்து விளைபொருளாகச் சேர்த்துக் கூறுகிறது.

1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இஞ்சியின் ஐரோப்பியப் பெயர்களை ஆராயும்போது மலையாள 'இஞ்சி' என்பதையும் 'வேர்' என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதன் ஆசிரியர்கள் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும். பர்னெல் சென்னை மாகாணத்தில் பணியாற்றி, தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஆனால் ஒரு கேள்வி விடையின்றி நின்றது. மூலம் 'இஞ்சி' என்றால் பாலியில் சகரம் எங்கிருந்து வந்தது? பாலியில் உள்ள ககரத்தின் இடத்தில் தமிழில் சகரம் இருப்பது ஏன்?

முதற் கேள்விக்கு வழி திறந்தவர் மொழியியலாளர் தாமஸ் பர்ரோ. தென்திராவிட மொழிகளில் சொல்முதல் சகரம் மறைவதைப் பற்றி 1947இல் அவர் தனிக்கட்டுரை எழுதினார். தமிழுக்குள்ளேயே அதற்கு அடையாளம் உண்டு: 'சிறகு' என்றும் 'இறகு' என்றும் சொல்கிறோம்; 'சிப்பி'க்கு 'இப்பி' என்ற வடிவமும் இருக்கிறது. நடுத்திராவிடத்தை நோக்கிப் போனால் சான்று பெருகும். தமிழில் 'ஆறு' எனும் எண் கோண்டியில் 'சாருங்'. கொடுத்தலைக் குறிக்கும் 'ஈ' அங்கே 'சீ'. ஆகவே 'இஞ்சி'யும் ஒரு காலத்தில் சகரத்தோடு தொடங்கிய சொல் என்று கொள்ள இடமிருக்கிறது. பாலியின் 'சிங்கி-' அந்தப் பழைய நிலையைக் காட்டும் சான்று.

இரண்டாம் கேள்விக்கும் பழகிய ஒலிமாற்றம் ஒன்று விடை தருகிறது. இகரம், எகரம் போன்ற உயிர்களின் அருகில் ககரம் சகரமாவது தமிழுக்கும் மலையாளத்துக்கும் இயல்பு. கன்னடத்தில் 'கிவி' என்பது தமிழில் 'செவி'. அங்கே 'கேரி', இங்கே 'சேரி'. இப்போக்கே சொல்லின் நடுவிலும் நிகழ்ந்து 'ங்கி' என்பது 'ஞ்சி' ஆயிற்று என்பது விளக்கம். இரு மாற்றங்களையும் சேர்த்துப் பின்னோக்கிப் போனால் தென்திராவிட மூலவடிவம் 'சிங்கி', வேரோடு சேர்ந்தால் 'சிங்கிவேர்'. 'திராவிட மொழிகள்' என்ற 2003ஆம் ஆண்டு நூலில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தரும் மீட்டுருவாக்கமும் இதுவே. ஆலன் ராஸ் என்ற ஆங்கில மொழியியலாளர் இந்த ஒரு சொல்லின் உலகப் பயணத்துக்காகவே 1952இல் தனிநூல் எழுதினார்.

தமிழில் நடந்ததும் ஜெர்மனில் நடந்ததும் ஒரே விளைவைத் தந்தன: இரண்டிலும் சொல் தலையிழந்தது. ஈழத்தில் சிங்கள 'இங்குரு'வும் அப்படியே. பாலியின் சிங்கிவேரத்தோடு உறவுடைய அச்சொல்லிலும் முதல் சகரம் இன்று இல்லை. மூன்று மொழிகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று மாறவில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஒலிவிதிகளின்படி தனித்தனியே மாறின.

இந்தியாவுக்கு அப்பால்

திராவிட மூலத்தோடு ஆய்வு முடிந்துவிடவில்லை. தெலுங்கில் இஞ்சி 'அல்லம்', கன்னடத்தில் 'அல்ல' அல்லது 'சுண்டி'. இந்தியில் 'அத்ரக்', ஈரமானது என்று பொருள்படும் சமஸ்கிருத 'ஆர்த்ரக' என்பதன் வழிவந்தது. 'இஞ்சி' என்ற சொல் திராவிடக் குடும்பம் முழுவதிலும் இல்லாமல் தெற்கே மட்டும் நிற்பதால், அதை முதல் திராவிடக் காலம்வரை கொண்டுபோக முடிவதில்லை.

செடியின் வரலாறும் வேறு திசையைக் காட்டுகிறது. இன்று இஞ்சி எங்கும் தானாக வளரும் காட்டுச்செடியாக அறியப்படவில்லை. மனிதர் துண்டு நட்டு வளர்ப்பதாலேயே வாழ்கிறது. அது முதலில் பயிரானது தென்கிழக்காசியாவை ஒட்டிய பகுதியில் என்பது பரவலான கருத்து. சீனத்தில் 'ஜியாங்', வியட்நாமியத்தில் 'கூங்' போன்று மெல்லினத்தில் முடியும் பெயர்கள் அப்பகுதியில் இருப்பதைக் கொண்டு, 'சிங்கி' என்பதும் கிழக்கிலிருந்து செடியோடு வந்த சொல்லாகலாம் எனச் சிலர் கருதுகின்றனர். முறையான ஒலிப்பொருத்தம் நிறுவப்படாததால் அது ஊகமாகவே நிற்கிறது. சொல்லின் பிற்பாதியான 'வேர்' பற்றி அந்த ஐயம் இல்லை. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாவற்றிலும் அது உண்டு. ஆகவே முற்பாதி எங்கிருந்து வந்ததானாலும், இரண்டும் ஒட்டி ஒரு வணிகப்பெயரானது தென்னிந்தியாவில் என்ற முடிவு மாறாது.

உறுப்புக் கணக்கு

ஸிங்கிப்ரோவை இப்போது உறுப்புறுப்பாகப் பிரிக்கலாம். இறுதி 'ஓ' ஸாமென்ஹோஃப் 1887இல் வகுத்த பெயர் விகுதி. அதற்கு முன் உள்ள 'ப்ர்' தென்னிந்திய 'வேர்'. வகரம் வட இந்திய, கிரேக்க வாய்களில் பகரமானது, உயிர் ஐரோப்பாவில் தேய்ந்தது. 'ங்கி' தமிழ் இஞ்சியில் 'ஞ்சி' என உள்ள பகுதியின் பழைய ஒலி. பிரெஞ்சும் ஆங்கிலமும் அதை ஜகரமாக்கின, லத்தீன் எழுத்துமூலம் அது தப்பியது. முதலில் நிற்கும் அதிர்வொலி, தமிழில் மறைந்த சகரத்தின் வழித்தோன்றல். கிரேக்கர் அதைத் தம் எழுத்தில் எழுதினர், லத்தீன் காத்தது, மருந்துக்கடைகளும் தாவரவியலாளரும் 19ஆம் நூற்றாண்டுவரை சுமந்தனர். பேச்சுமொழிகளில் தேய்ந்த சொல்லை விட்டு ஏட்டு லத்தீனில் உறைந்திருந்த சொல்லை எஸ்பெராண்டோ எடுத்துக்கொண்டதால், நான்கு உறுப்புகளில் மூன்றின் வழி இன்றும் தடம் மாறாமல் தெரிகிறது.